சிறுவெண்காக்கை: பறவையும் பெயரும்

(ஆலங்காயத்தில் தமிழன்பர்கள் முன்னிலையில் ஆற்றப்பெற்ற உரை)



சவ்வாது மலையின் அடியில், அலையோசை எட்டாத இவ்வூரில், கடற்பறவை ஒன்றைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். கடல் இங்கிருந்து 100 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. இங்கு மலையில் ஆடு மேய்க்கும் முதியவருள் கடலையே காணாதவரும் இருப்பர். ஆயினும் இம்மலைக்குக் கடல் அயலன்று. இம்மலைத்தொடரில் பிறக்கும் செய்யாறு, மலைபடுகடாம் பாடும் அதே சேயாறு, பாலாற்றோடு கூடி வயலூரருகே கடலிற் கலக்கின்றது. குறிஞ்சியில் பெய்த மழையே நெய்தலின் கழியை நிறைக்கின்றது.

இன்று பேசப்படும் பறவையும் அவ்வாறே மலைக்கும் கடலுக்கும் உறவுடையது. அது பிறப்பது மலையுச்சி ஏரியில். பனிக்காலத்தைக் கழிப்பது தமிழகக் கடற்கரையில். ஆங்கிலவழிப் பள்ளியிற் பயிலும் சிறுவனிடம் அதன் படத்தைக் காட்டினால் 'சீகல்' என்பான். மீனவர் பலர் கடற்காக்கை என்பர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அம்மூவனார் என்னும் புலவர் சிறுவெண்காக்கை என்றார். இம்மூன்று பெயர்களுள் எது வாழும் என்பதே இவ்வுரையின் கேள்வி.

பறவையின் உருவம்

தமிழகக் கரையில் பனிக்காலத்தே மிகுதியாகக் காணப்படும் கடற்காக்கையைப் பழுப்புத்தலைக் கடற்காக்கை என்று பறவைநூலார் அழைப்பர். அலகு நுனியிலிருந்து வால்நுனி வரை ஏறத்தாழ 42 செ.மீ. நீளம் கொண்டது, வீட்டுக் காக்கையினும் சற்றே பெரியது. வயிறும் வாலும் தூய வெண்மை. முதுகும் இறக்கையின் மேற்புறமும் சாம்பல் நிறம். இறக்கை நுனி கருமை. அக்கருமையினுள் கண்ணாடித் துண்டு பதித்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றும். அலகும் காலும் சிவப்பு. விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. வளர்ந்த பறவையின் விழிவளையம் வெளிறியிருக்கும்.

'பழுப்புத்தலை' என்னும் பெயரைக் கேட்டுக் கார்த்திகையில் கடற்கரைக்குச் செல்பவர் ஏமாந்து போவர். அப்போது அதன் தலை வெண்மையாகவே இருக்கும். கண்ணுக்குப் பின்னே ஒரு கருந்திட்டு மட்டுமே தெரியும். பங்குனி நெருங்கும்போது தலையில் புதிய இறகு முளைத்துப் பழுப்பு முக்காடு இட்டாற்போல் ஆகும். அதுவே இணைசேரும் பருவத்தின் கோலம். அக்கோலம் பூண்டதும் அது நம் கரையை விட்டுப் புறப்பட்டுவிடும். எனவே தமிழகக் கரை அதனை நெடுநாள் காண்பது வெண்காக்கையாகவே. 'வெண்' என்ற அடைமொழி இப்பறவை நம்மிடம் இருக்கும் காலத்தின் தோற்றத்துக்கு எத்துணைப் பொருந்துகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மலையிற் பிறப்பு

இப்பறவை முட்டையிடுவது நடுவாசியாவின் உயர்நிலங்களில். பாமீர், திபெத்து, இலடாக்கு ஆகிய பகுதிகளின் ஏரிகளும் சதுப்புகளும் அதன் பிறப்பிடம். இந்திய எல்லைக்குள் இலடாக்கிலுள்ள சோ மோரிரி என்னும் உவர்நீர் ஏரி அத்தகையது. அது கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குள்ள காவலூர் வானாய்வகம் நிற்கும் மலை ஏறத்தாழ 725 மீட்டர். அதன்மேல் மலையை அடுக்கினால் ஆறு மலை வேண்டும் சோ மோரிரியை எட்ட!

அங்கே நீர்சூழ்ந்த திட்டுகளில் அவை கூட்டங்கூட்டமாகப் புல்லால் கூடு அமைக்கும். இரண்டு அல்லது மூன்று முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறிமாறி அடைகாக்கும். வரித்தலை வாத்தும் அதே ஏரிகளில் குஞ்சு பொரிக்கும்; அதுவும் பனிக்காலத்தில் தமிழகத்துக் கூந்தன்குளம் வரை வருவதே. குளிர் முற்றி ஏரி உறையத் தொடங்கியதும் இரை கிட்டாது. ஆகவே பெற்றோரும் அவ்வாண்டுக் குஞ்சும் தெற்கு நோக்கி வலசை புறப்படும். இமயத்தைத் தாண்டி 2,000 கி.மீ.க்கும் மிகுதியான வழி நடந்து அக்டோபர் அளவில் பழவேற்காடு, கோடியக்கரை, பாம்பன் முதலிய கரைகளை அடையும். ஏப்பிரலுக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும். முதலாண்டுக் குஞ்சின் வால்நுனியில் கரும்பட்டை இருக்கும். முழு வளர்ச்சியின் கோலம் பெற அதற்கு ஈராண்டு வேண்டும்.

2002ஆம் ஆண்டில் சோ மோரிரியும் கோடியக்கரையும் ஒருங்கே இராம்சர் உடன்பாட்டின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒரே பறவையின் தாய்வீடும் புகுந்த வீடும் ஒரே ஆண்டில் காப்புப் பெற்றதுபோல் அது அமைந்தது.

இவ் வலசையைப் பற்றிய அறிவு தமிழர்க்குப் புதிதன்று. குமரித் துறையில் அயிரைமீன் உண்டு வடமலைக்குத் திரும்பும் பறவையைத் தூது விடுத்துப் பிசிராந்தையார் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. தென்றிசைக் குமரியாடி வடக்கே மீளும் நாரையைச் சத்திமுத்தப் புலவர் விளித்தார். பறவை தெற்கே வந்து உண்டு வடக்கே மீள்கின்றது என்பது அவர்கட்கு அன்றாட அறிவு. கிரேக்க அறிஞர் அரித்தாட்டிலோ, சில குருவிகள் குளிர்காலத்தில் பொந்துக்குள் உறங்கும் என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் சார்லசு மார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், பறவைகள் நிலவுக்குச் சென்று மீள்கின்றன என்றே வழக்காடினார்!

உப்பை வெல்லும் உடல்

கடல்நீர் ஒரு கலயத்தில் இருந்தும் கடலோடி விடாயால் மடிவதுண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதனைக் குடித்தால், அவ்வுப்பை வெளியேற்றக் குடித்த நீரினும் மிகுதியான நீரை மாந்தனின் சிறுநீரகம் செலவிட வேண்டும். கடற்காக்கை அந்நீரைக் குடித்தே வாழ்கின்றது. அதன் கண்களுக்கு மேல், மண்டையோட்டின் பள்ளங்களில் இரு சுரப்பிகள் உள்ளன. குருதியிலுள்ள மிகை உப்பை அவை பிரித்தெடுத்து, கடல்நீரினும் உவர்ப்பான நீராக மூக்குத்துளை வழியே வெளியேற்றும். கரையில் நிற்கும் கடற்காக்கை அடிக்கடி தலையை உதறுவதைக் கண்டிருப்பீர்கள். அலகு நுனியில் திரண்ட உப்புநீர்த் துளியை அது உதறுகின்றது. கடற்பறவைகளின் இவ்வுப்புச் சுரப்பியின் வேலையைச் சிமிட்டு நீல்சென் என்னும் உடலியல் அறிஞர் 1957இல் விளக்கிக் காட்டினார்.

இரை எதுவென்றால், எதுவும் இரையே. சிறுமீன், இறால், புழு, பூச்சி, மீனவர் கழித்தெறியும் குடல் எல்லாம் உண்ணும். விசைப்படகின் பின்னே வெண்கொடி பறந்தாற்போல் தொடரும். பிற பறவை பிடித்த மீனைத் துரத்திப் பறிக்கவும் செய்யும். இனத்தைக் கூவியழைத்து உண்ணும் நிலக்காக்கையை வள்ளுவர் எடுத்துக்காட்டினார். கடற்காக்கையை அவ்வாறு காட்டியிருக்க முடியாது. கரையை ஓயாது துப்புரவு செய்யும் தொண்டில் மட்டும் இரண்டும் ஒன்றே.

அம்மூவனார் கண்ட பறவை

ஐங்குறுநூற்றில் நெய்தற் பகுதியின் நூறு பாட்டையும் பாடியவர் அம்மூவனார். அதில் ஒரு பத்தின் பெயரே சிறுவெண்காக்கைப் பத்து. அதன் ஒவ்வொரு பாட்டும் பெரிய கடலின் கரையில் இச்சிறிய பறவையை நிறுத்தித் தொடங்குகின்றது. அப்பாட்டுகளில் அது பல செயல் செய்கின்றது. புன்னைக் கிளையில் தங்குகின்றது, கழியில் அயிரையும் கெடிற்றுமீனும் தின்கின்றது, நீர்த்துவலையின் ஒலியில் உறங்குகின்றது, வரியுடைய வெண்பலகறையைக் கண்டு வலையென்று வெருவுகின்றது, நெய்தற்பூவைச் சிதைக்கின்றது, துறையில் கிடக்கும் அம்பியின் உட்பலகையில் முட்டையிடுகின்றது. தலைவனின் செயலையும் தலைவியின் துயரையும் இச்செயல்களுள் உள்ளுறையாக வைப்பதே புலவரின் நோக்கம். ஆயினும் உள்ளுறை சிறக்க வேண்டுமெனின் வெளிப்பொருள் மெய்யாக இருத்தல் வேண்டும். பறவை வலைக்கு அஞ்சுவதைக் கண்ணாற் காணாதவர் அதனைப் பாட்டில் வைக்க இயலாது.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளுள் புள்ளையும் வைத்தது. பின்னர் வந்த நம்பியகப்பொருள் நெய்தலுக்குரிய புள்ளாகக் கடற்காக்கையையே கூறிற்று. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும் எவ்வாறோ, அவ்வாறு நெய்தலுக்கு இது. ஒரு நிலத்தை அதன் பறவையால் அடையாளங் காட்டிய இலக்கணம் தமிழிலக்கணம்.

இப்பறவையை அறிவியல் உலகம் தன் முறைப்படி பதிந்துகொண்டது 1840இல். அந்நாளில் சென்னைப் படையில் மருத்துவராக இருந்த செர்டன் என்பவர் பழுப்புத்தலை என்று பொருள்படும் இலத்தீனப் பெயர் சூட்டி அதனை விளக்கினார். அதற்காக அவரைப் பழித்தல் வேண்டா. உலகத்து அறிஞர் எல்லாரும் ஒன்றையே சுட்டுதற்கு ஓர் உலகப் பெயர் வேண்டும். உலகப் பெயர் வந்ததனால் ஊர்ப்பெயர் சாக வேண்டுமா என்பதே கேள்வி.

ஒரு சிக்கல்

இவ்விடத்தில் தமிழன்பர்கள் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. பழுப்புத்தலைக் கடற்காக்கை தமிழகத்தில் முட்டையிடுவதில்லை. மரக்கிளையில் அமர்வதும் அதற்கு இயல்பன்று. மணலிலும் கம்பத்திலும் படகின் விளிம்பிலும் அமரும். அவ்வாறாயின் அம்பியில் முட்டையிட்ட சிறுவெண்காக்கை எது?

கடற்காக்கையின் நெருங்கிய உறவு ஆலா. கூர்மையான அலகும் பிளந்த வாலும் மெலிந்த இறக்கையும் கொண்ட அதனைக் கடற்கரை மக்கள் நன்கறிவர். ஆலாக்களுள் சிறியது சிற்றாலா. 22 முதல் 24 செ.மீ. நீளமே உடையது, உண்மையாகவே சிறியது, உண்மையாகவே வெண்மையானது. உச்சந்தலை கருமை; நெற்றி வெள்ளை; முட்டையிடும் பருவத்தில் மஞ்சள் அலகின் நுனி மட்டும் கருமை. நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, மீனைக் கண்டதும் தலைகீழாகப் பாய்ந்து கவ்வும். அது கூடு கட்டுவதில்லை. அலை எட்டாத வெறுமணலைச் சற்றே பறித்து இரண்டு மூன்று முட்டை இடும். மணல் நிறமும் புள்ளியும் கொண்ட அம்முட்டையை மிதித்த பின்னரே பலர் அறிவர். தமிழகக் கரையிலும் இலங்கைக் கரையிலும் அது முட்டையிடுகின்றது. இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட மணல்திட்டுகளில் ஆலா இனங்கள் பல பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கின்றன. மணலும் கிளிஞ்சலும் படிந்து கரையிலே நெடுநாள் கிடக்கும் அம்பியும் ஆலாவின் கண்ணுக்கு ஒரு மணல்திட்டே என்று கருத இடமுண்டு.

எனவே பத்துப் பாட்டின் செய்தி அனைத்தும் இற்றைப் பறவை ஒன்றன்மேல் மட்டும் பொருந்தவில்லை. சில கடற்காக்கைக்குப் பொருந்தும். சில ஆலாவுக்குப் பொருந்தும். புன்னைக் கிளையில் தங்கும் செய்தியோ இரண்டுக்கும் எளிதிற் பொருந்தாது. இதனை மறைப்பது தமிழ்த்தொண்டு ஆகாது. 'சிறுவெண்காக்கை' இவ்வினத்துக்கு உரிய பொதுப்பெயர் என்று கொள்வதே தகும். அது குறையுமன்று. ஆலாவைத் தனிக் குடும்பமாக வைத்திருந்த மேலை அறிவியல், இன்று கடற்காக்கையையும் ஆலாவையும் ஒரே குடும்பத்தில் சேர்த்துள்ளது. ஒன்றென்று தோன்றியதை ஒரே பெயரால் அழைத்தவர் அறியாதவர் அல்லர்.

பெயர் வைத்த முறை

வெண்மையான பறவைக்குக் காக்கை என்று பெயரா எனச் சிலர் நகைப்பர். நகைப்பதற்கு முன் அப்பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'கா' எனக் கரைவதால் காக்கை. கடற்காக்கையின் குரலும் கரகரத்த குரலே. மாந்தர் நடமாடும் இடத்தை ஒட்டி வாழ்தலும், கழித்ததை உண்ணுதலும், கூட்டமாக மொய்த்தலும் காக்கையின் இயல்புகள். இதற்கும் அவை உண்டு. ஆகவே முதலில் இனம் கூறப்பட்டது. அடுத்து 'வெண்' என்னும் நிறவேற்றுமை. அதன்பின் 'சிறு' என்னும் அளவு. இனத்தைக் கூறி வேற்றுமையால் பிரிப்பதே இன்றைய உயிரியற் பெயரீட்டின் முறை. மூன்று சிறு சொற்களில் அம்முறை முழுதும் அமைந்துவிட்டது.

பிற மொழியாரும் இவ்வழியே சென்றனர். நீர்க்காக்கையை ஆங்கிலர் 'கார்மரண்டு' என்பர். அச்சொல் 'கடற்காக்கை' என்று பொருள்படும் இலத்தீனத் தொடரின் திரிபு. இலத்தீனம் பேசியவன் கருநிறப் பறவையைக் கண்டு சொன்னதைத் தமிழன் வெண்ணிறப் பறவைக்கும் நிறவடை சேர்த்துத் தெளிவாகச் சொன்னான்.

இனி, 'சீகல்' என்னும் சொல்லின் வரலாற்றைக் கேளுங்கள். 'கல்' என்பது ஆங்கிலரின் சொந்தச் சொல்லன்று. பழைய ஆங்கிலத்தில் இப்பறவைக்கு 'மேவ்' என்று பெயர். செருமானியர் இன்றும் 'மோவெ' என்கின்றனர். வேல்சு மொழியின் 'குய்லன்' போன்ற கெல்தியச் சொல்லினின்று 'கல்' ஆங்கிலத்துக்கு வந்தது என்பது மொழியறிஞர் கருத்து. நாற்புறமும் கடல் சூழ வாழும் மக்களே தம் கடற்பறவையின் தாய்மொழிப் பெயரைப் பெரும்பாலும் இழந்தனர். வந்த சொல் இருந்த சொல்லை மெல்லமெல்லத் தள்ளியது. ஆங்கிலர் இழந்து பெற்ற சொல்லுக்காகத் தமிழர் இழக்காத சொல்லை இழக்க வேண்டுமா?

இழப்பு எங்கே?

பழுப்புத்தலைக் கடற்காக்கை இன்று அற்றுப்போகும் நிலையில் இல்லை. அதன் தமிழ்ப்பெயரே அந்நிலையில் உள்ளது. பறவைக்கு இடர் இல்லையென்றும் கூறுவதற்கில்லை. 2005இல் சீனத்தின் சிங்காய் ஏரியில் பறவைக்காய்ச்சல் பரவி, கடற்காக்கையும் வரித்தலை வாத்தும் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்தன. 2017 சனவரியில் எண்ணூரருகே இரு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழியிற் புகுந்து, கூழைக்கடாக்களின் சிறகிலும் மீனவரின் வலையிலும் ஒருங்கே ஒட்டியது. சிற்றாலாவின் வெறுமணலோ வண்டிச் சக்கரத்துக்கும் தெருநாய்க்கும் நாள்தோறும் இரையாகின்றது. மலையேரி கெட்டாலும் கழிமுகம் கெட்டாலும் வலசைப் பறவைக்கு வாழ்வில்லை.

பெயரை இழந்தவர் இவற்றைக் காண்பது எவ்வாறு? 'ஏதோ வெள்ளைப் பறவை' என்று சொல்பவனுக்கு அது இவ்வாண்டு குறைந்ததா, கூடியதா, வரவேயில்லையா என்பது தெரியாது. சிற்றாலா என்று அறிந்த மீனவச் சிறுவனே முட்டைக்கு விலகி நடப்பான். பெயர் ஒரு கைப்பிடி. அது கழன்றால் பொருள் கையை விட்டு நழுவும்.

இதன் மறுபுறத்தையும் தனித்தமிழ் அன்பர்கள் எண்ணல் வேண்டும். 'சீகல் என்னாதே, சிறுவெண்காக்கை என்று சொல்' எனப் பிறரைத் திருத்துகின்றவர், அப்பறவையைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் நின்று பார்த்ததுண்டா? பொருளைக் காணாது பெயரை மட்டும் காப்பது நெல்லை விட்டு உமியைக் காப்பது. தின்பெர்கன் என்னும் ஒல்லாந்தர் கடற்காக்கைக் கூட்டத்தருகே மணல்மேட்டில் அமர்ந்து ஆண்டுக்கணக்காகப் பார்த்தார். தாயின் அலகிலுள்ள செம்புள்ளியைக் குஞ்சு கொத்தினால் தாய் இரையைக் கக்கி ஊட்டும் என்பதன் நுட்பத்தை அட்டையால் செய்த போலித் தலைகளைக் கொண்டே ஆய்ந்தார். அவருக்கு 1973இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவர் ஆய்வின் முதற்கருவி பொறுமையுள்ள கண். அம்மூவனாரிடம் இருந்ததும் அதுவே. அவர் வழிவந்தோர் சொல்லை மனப்பாடம் செய்தனர், கண்ணை மூடிக்கொண்டனர்.

செய்ய வேண்டியன

மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ்ப் பணி புதுச்சொல் ஆக்குவதோடு முடிவதன்று. இருக்கும் சொல்லைத் தேடித் தொகுப்பதும் அதன் பாதியாகும். பழவேற்காடு முதல் குமரி வரை ஒவ்வொரு குப்பத்திலும் பறவைக்கும் மீனுக்கும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எத்தனையோ பெயர்கள் முதியோர் வாயில் உள்ளன. அவர் மறைந்தால் அவை மறையும். இம்மலையிலும் அவ்வாறே. மலைவாழ் மக்கள் காட்டுப்பறவைக்கு இட்ட பெயர்களைக் கேட்டெழுதியவர் எத்தனை பேர்? இங்குள்ள மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சுவடி வைத்து, தம் பாட்டியும் பாட்டனும் சொல்லும் பறவைப் பெயர் பத்தினை எழுதட்டும். பெயருக்கு எதிரே அப்பறவையைத் தாம் கண்ட நாளையும் இடத்தையும் குறிக்கட்டும். காணாத பறவைக்கு எதிரே இடத்தை வெறுமையாக விடட்டும். அவ்வெறுமையே அவர்களைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும்.

இவ்வூருக்கு அருகே காவலூரில் 2.34 மீட்டர் வாய்விட்டமுடைய தொலைநோக்கி 1986 முதல் வைணு பாப்பு என்னும் இந்திய வானியலறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எட்டாத விண்மீனைப் பார்ப்பதற்கு இம்மலையில் இடம் கிடைத்துள்ளது. எட்டும் தொலைவில் உள்ள பறவையைப் பார்ப்பதற்குத் தொலைநோக்கியும் வேண்டா. பெயரும் பொறுமையும் போதும்.

அடுத்த பனிக்காலத்தில் சென்னைக்கோ புதுவைக்கோ செல்லும் ஆலங்காயத்தார், வந்த வேலை முடிந்ததும் கடற்கரையில் ஒரு நாழிகை நிற்பாராக. படகின் விளிம்பில் வெள்ளைப் பறவை ஒன்று தலையை உதறிக்கொண்டு அமர்ந்திருக்கும். கண்ணுக்குப் பின்னே கருந்திட்டு இருக்கின்றதா, அலகு சிவந்திருக்கின்றதா, இறக்கை நுனியில் வெண்புள்ளி தெரிகின்றதா என்று பார்ப்பாராக. பார்த்தபின் உடன் வந்த குழந்தைக்குக் காட்டி, 'அதோ பார், சிறுவெண்காக்கை. நம்மைப் போல் அதுவும் மலையிலிருந்து வந்தது' என்று சொல்வாராக. அக்குழந்தை வாய்விட்டு ஒருமுறை சொன்னால், ஏட்டிலிருந்த பெயர் மீண்டும் பறவையின்மேல் வந்து அமரும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் அறிவு!